கட்டி எங்கே முளைத்தது?

சின்னக் குழந்தையின் சிறுநீரகத்தில் வளரும் புற்றுக்கட்டியை முதலில் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் டாக்டர் இல்லை, குளிப்பாட்டுகிறவர். மருத்துவப் பாடப்புத்தகங்களே இப்படித்தான் சொல்கின்றன: குளிப்பாட்டும்போதோ சட்டை மாற்றும்போதோ வயிற்றின் ஒரு பக்கம் கெட்டியாகத் தட்டுப்பட்டது என்று சொல்லிக்கொண்டு பெற்றோர் வருவார்கள். மணிமுத்தாறு, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் பக்கமெல்லாம் இந்த வேலை ஆச்சிமாருடையது. மூன்று வயதுப் பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்ட மாட்டார்கள், வாய்க்கால் படித்துறையில் நிறுத்தி வைத்துத் தேய்ப்பார்கள். “ஏட்டி, இங்கன வந்து பாரு, பிள்ள வயித்துல கல்லு மாதிரி என்னமோ தட்டுபடுது” என்று அந்த ஆச்சி மகளைக் கூப்பிடும் நொடிதான் இந்த நோயின் வரலாற்றில் எல்லாக் காலத்துக்கும் பொதுவானது. அதற்கு அடுத்து என்ன நடக்கிறது என்பது மட்டும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது.

இந்தக் கட்டியின் பெயர் வில்ம்ஸ் கட்டி. குழந்தைகளின் சிறுநீரகப் புற்றுகளில் பத்தில் ஒன்பது இதுதான். ஐரோப்பா, அமெரிக்கா கணக்குப்படி ஏறத்தாழ 10,000 குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது, அதிகமும் 3, 4 வயதில். இதில் ஒரு கொடுமை உண்டு. பிள்ளை பார்க்க நன்றாகவே இருக்கும். சாப்பிடும், ஓடும், விளையாடும். ஐந்தில் ஒரு பிள்ளைக்கு மட்டும் சிறுநீரில் ரத்தம் வரும். சிலருக்கு ரத்த அழுத்தம் ஏறியிருக்கும், ஆனால் மூன்று வயதுப் பிள்ளைக்கு யார் பிரஷர் பார்க்கிறார்கள்?

ஆக, வயிற்றில் ஒரு கட்டி இருக்கிறது. கேள்வி ஒன்றுதான்: அது எந்த உறுப்பிலிருந்து முளைத்தது? வயிற்றைக் கிழிக்காமல் இதற்குப் பதில் சொல்ல மனிதர்கள் நூறு வருடங்களுக்கு மேல் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். அந்தக் கதையில் நம் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. நம்மில் பலருக்கு அது தெரியாது.

*

கட்டி மட்டும் பழசு. லண்டன் ஹன்டேரியன் அருங்காட்சியகத்தில் 18ஆம் நூற்றாண்டு அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர் சேகரித்த ஒரு கைக்குழந்தையின் சிறுநீரகங்கள் இருக்கின்றன, இரண்டு பக்கமும் கட்டியோடு. 1814-ல் தாமஸ் ரான்ஸ் என்பவர் இதைப் பற்றி எழுதினார். 1877-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜெசப் என்ற சர்ஜன் இரண்டு வயதுக் குழந்தையின் கட்டி பிடித்த சிறுநீரகத்தை அறுத்து எடுத்தார். ஜெர்மானியரான மாக்ஸ் வில்ம்ஸ் 1899-ல் எழுதிய நூல்தான் கட்டிக்கு அவர் பெயரை வாங்கித் தந்தது. கருவில் சிறுநீரகமாக மாற வேண்டிய செல்கள் மாறாமல் தங்கிப்போனதால் வருகிறது என்று அவர் சொன்னது இன்றைக்கும் பெரிய அளவில் சரி. வில்ம்ஸ் 1918-ல் இறந்தார். தொண்டை அடைப்பான் நோயால் மூச்சு முட்டிய ஒரு பிரெஞ்சுப் போர்க்கைதிக்கு அறுவை செய்து காப்பாற்றி, அதே நோய் தொற்றி 50 வயதில் போய்ச் சேர்ந்தார்.

அந்தக் காலத்தில் இந்தக் கட்டி வந்த பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கவில்லை. இன்று வசதியுள்ள நாடுகளில் பத்தில் ஒன்பது பிழைக்கின்றன. இதன் பெருமையில் பெரிய பங்கு மருந்துக்கும் அறுவைக்கும் போகிறது, சரிதான். ஆனால் எதை அறுக்கிறோம் என்று தெரியாமல் அறுக்க முடியாது.

*

எக்ஸ்ரே வருவதற்கு முன்னால், வந்த பின்னும் நீண்ட காலத்துக்கு, டாக்டருக்கு இருந்த கருவி விரல். விரலை வைத்துக்கொண்டு தமிழ்நாட்டில் இந்தக் கட்டியைக் கண்டுபிடிப்பது இரட்டிப்புக் கஷ்டம். நம் ஊரில் குழந்தை வயிறு வீங்கினால் எல்லோர் மனதிலும் முதலில் வருவது வேறு இரண்டு விஷயங்கள். ஒன்று மலேரியாவில் வீங்கும் மண்ணீரல். அதற்குத் தமிழில் ‘காய்ச்சல் கட்டி’ என்று பெயரே இருக்கிறது. இன்னொன்று ஈரல் வீக்கம். இந்தியக் குழந்தைகளுக்கென்றே வந்த ஓர் ஈரல் சுருக்க நோய் 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பல வீடுகளைக் காலி செய்தது. பித்தளை, செம்புப் பாத்திரங்களில் காய்ச்சிய பாலின் வழியாகச் சேரும் தாமிரம்தான் அதற்குக் காரணமாக இருக்கலாம் என்ற கருத்து 1980களில் வலுத்தது, பின்னர் அந்த நோயே அரிதாகிவிட்டது. ‘ஜம்மி லிவர் க்யூர்’ என்ற பெயர் நம் பாட்டிமார்களுக்கெல்லாம் அத்துப்படியானது இந்தப் பயத்தால்தான். வயிறு வீங்கிய பிள்ளைக்கு ஈரல் மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது அன்று முட்டாள்தனம் இல்லை, நியாயமான ஊகம். இடையில் வில்ம்ஸ் கட்டி வந்த பிள்ளை அந்தக் கூட்டத்தில் காணாமல் போயிருக்கும்.

மூன்றாவதாக ஒன்று உண்டு, குடலேற்றம். “குடலேத்தமா இருக்கும், எண்ணெ போட்டு நீவிவிட்டாச் சரியாப் போவும்” என்று வயிற்றைத் தடவி, அழுத்தி, தட்டி விடுவது. பொதுவாக அதில் ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் வில்ம்ஸ் கட்டி மெல்லிய உறைக்குள் இருக்கும் மென்மையான சதை. உறை கிழிந்தால் புற்றுச் செல்கள் வயிறெங்கும் சிந்தும், நோயின் படிநிலையே ஏறிவிடும். பல குழந்தைகள் மருத்துவமனைகளில், ‘வயிற்றை அமுக்கிப் பார்க்காதீர்கள்’ என்று கட்டிலில் அட்டை எழுதித் தொங்கவிடும் வழக்கம் இருந்திருக்கிறது. அது பெற்றோருக்காக எழுதியதல்ல. ஒருவர் பின் ஒருவராக வந்து அமுக்கிப் பார்க்கும் மருத்துவ மாணவர்களுக்காக எழுதியது!

*

ராண்ட்கன் 1895-ல் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் எக்ஸ்ரேக்கு வயிறு பிடிக்காது. எலும்பு தெரியும், நுரையீரல் தெரியும், வயிற்றில் எல்லாம் ஒரே சாம்பல். சிறுநீரகம், ஈரல், கட்டி எல்லாமே கிட்டத்தட்டத் தண்ணீரின் அடர்த்தி. இதை உடைத்த கதை மாட்டிலிருந்து தொடங்குகிறது. மாடுகளின் மடிநோய்க்காக ஜெர்மனியில் அயோடின் கலந்த ஒரு மருந்து செய்திருந்தார்கள். மோசஸ் ஸ்விக் என்ற இளம் அமெரிக்க மருத்துவர் அங்கே படிக்கப் போனபோது, அந்த மருந்துக் குடும்பம் சிறுநீர் வழியாகத்தான் வெளியேறுகிறது என்பதைப் பிடித்துக்கொண்டார். அயோடின் எக்ஸ்ரேயை மறிக்கும். நரம்பில் ஊசி போட்டால் சிறுநீரகம் அதை வடிகட்டும், வடிகட்டும் பாதை முழுக்கப் படத்தில் வெள்ளையாக ஒளிரும். 1929-ல் இது உலகத்துக்குத் தெரிந்தது. பெரிய பேராசிரியர் வான் லிச்டன்பெர்க்குக்கும் ஸ்விக்குக்கும் யார் முதல் என்று சண்டை வந்தது. ஸ்விக்குக்கு உரிய மரியாதை கிடைக்க 1960கள் ஆயிற்று. (பெரிய ஆளின் துறையில் ஜூனியராக வேலை பார்த்த யாருக்கும் இந்தக் கதை புதுசாக இருக்காது.)

இதற்கு ஐ.வி.பி. என்று பெயர். குழந்தைகளுக்கு இதை எடுப்பதில் ஓர் அழகான தந்திரம் உண்டு: பிள்ளைக்குச் சோடா குடிக்கக் கொடுப்பார்கள். இரைப்பை காற்றால் ஊதிக்கொண்டு குடலைத் தள்ளிவிடும், அந்தக் காற்று ஜன்னல் வழியாகச் சிறுநீரகம் தெளிவாகத் தெரியும்.

இப்போது நம் கேள்விக்கு முதல் முறையாகப் பதில் கிடைத்தது. குழந்தை வயிற்றில் வில்ம்ஸ் கட்டிக்குப் பங்காளி ஒன்று உண்டு, நியூரோபிளாஸ்டோமா. அது பெரும்பாலும் சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியில் முளைக்கும். கையால் தொட்டால் இரண்டும் ஒன்றுபோல இருக்கலாம். சிகிச்சையோ வேறு வேறு. ஐ.வி.பி. படத்தில் வில்ம்ஸ் உள்ளேயிருந்து வளர்வதால் சிறுநீரகத்தின் குழாய்க் கிளைகள் கோணல்மாணலாக விரிந்திருக்கும், வீட்டுக்குள் வளர்ந்த மரம் சுவர்களைத் தள்ளுவது மாதிரி. நியூரோபிளாஸ்டோமா வெளியே இருந்து முழுச் சிறுநீரகத்தையும் கீழே அமுக்கும். வீடு அப்படியே இருக்கும், இடம் மட்டும் மாறியிருக்கும். கூடவே சுண்ணாம்புத் துகள்கள் தெரிந்தால் சந்தேகம் நியூரோபிளாஸ்டோமா பக்கம் சாயும்.

சென்னையில் அரசு பொது மருத்துவமனையை ஒட்டி 1934-ல் பர்னார்டு கதிரியல் நிறுவனம் திறக்கப்பட்டது. ஆசியாவின் இந்தப் பகுதியில் அத்தனை பெரிய கதிரியல் கூடம் அன்று அபூர்வம். ஆனால் சென்னையில் இருப்பது வேறு, மணிமுத்தாறுக்குக் கிடைப்பது வேறு.

மணிமுத்தாறு அணை கட்டப்பட்டது 1950களில். ஒரு கற்பனைக்கு, அந்த 118 அடி அணைக்குக் கல் சுமக்க வந்த ஒருவரின் மூன்று வயது மகளுக்கு இந்தக் கட்டி வந்தது என்று வைத்துக்கொள்வோம். அம்பாசமுத்திரம் வரை மாட்டுவண்டியோ லாரியோ, அங்கிருந்து மீட்டர்கேஜ் ரயிலில் திருநெல்வேலி. திருநெல்வேலியில் மருத்துவக் கல்லூரி வந்ததே 1965-ல்தான். ஆகவே மதராஸ். பதினைந்து நாள் கூலியை விட்டுவிட்டு, மொழிக்குப் பழகாத நகரத்தில் போய் இறங்க வேண்டும். அதுவும் யாராவது ஒருவர் இது ஈரல் இல்லை, காய்ச்சல் கட்டி இல்லை என்று சந்தேகப்பட்டிருந்தால் மட்டும்.

அங்கே போய்ச் சேர்ந்திருந்தால்? அதே வருடங்களில் அடையாறில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி வளர்ந்துகொண்டிருந்தது. தங்கை புற்றுநோயில் இறந்ததைக் கண்ட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அதற்கு 30 வருடம் கழித்து 1954-ல் 12 படுக்கைகளோடு தொடங்கிய புற்றுநோய் நிறுவனம். எப்படியும் சாகப்போகிறவர்களுக்கு எதற்குத் தனி ஆஸ்பத்திரி என்பதுதான் அன்றைய அரசாங்கத்தின் மனநிலை. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் 1955-ல் சேர்ந்த டாக்டர் வி. சாந்தாவும் அதை நடத்தினார்கள். இந்தியாவின் முதல் குழந்தைகள் புற்றுநோய் வார்டு 1960-ல் அங்கேதான் வந்தது. நாட்டில் பெரியவர்களின் புற்றுக்கே இடமில்லாத நாளில் குழந்தைகளுக்கென்று வார்டு ஒதுக்கியதை நான் சாதாரண நிர்வாக முடிவாகப் பார்க்கவில்லை. அதே நேரம் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் ஆக்டினோமைசின் என்ற மருந்து வில்ம்ஸ் கட்டியைக் கரைப்பதைக் காட்டிக்கொண்டிருந்தார். இந்த நோய்க்குக் கதவு திறந்தது அந்தப் பத்தாண்டில்தான்.

*

அடுத்த பாய்ச்சல் கப்பல் கட்டும் உலகிலிருந்து வந்தது. கிளாஸ்கோவில் இயன் டொனால்ட் என்ற மகப்பேறு மருத்துவர், 1955-ல் தான் அறுத்தெடுத்த கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஒரு பாய்லர் கம்பெனிக்குப் போனார். அங்கே உலோகத்தில் விரிசல் பார்க்கும் ஒலி அலைக் கருவி இருந்தது. கட்டிகளின் மேல் அதை வைத்துப் பார்த்தால், நீர் நிறைந்த கட்டியும் சதைக் கட்டியும் வேறு வேறு எதிரொலி தந்தன. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மாட்டுக்கறித் துண்டும் கூடவே இருந்ததாம். 1958-ல் கட்டுரை வெளிவந்தது. அதுதான் இன்று தெருவுக்குத் தெரு இருக்கும் ‘ஸ்கேன்’.

குழந்தை வயிற்றுக்கு இது வரப்பிரசாதம். கதிர்வீச்சு இல்லை, ஊசி இல்லை, அம்மா மடியில் இருந்தபடியே பார்க்கலாம். குழந்தைகளுக்குச் சிறுநீரகம் வீங்கப் பெரும்பாலான காரணம் புற்று இல்லை, சிறுநீர் அடைத்துத் தேங்குவதுதான். தண்ணீரா சதையா என்று ஐந்தே நிமிடத்தில் ஸ்கேன் சொல்லிவிடும். இன்னொன்றும் சொல்லும். வில்ம்ஸ் கட்டிக்குச் சிறுநீரகச் சிரை வழியாக நுழைந்து, வயிற்றின் பெருஞ்சிரையில் ஏறி, சில சமயம் இதயம் வரை நாக்கு நீட்டும் கெட்ட பழக்கம் உண்டு. அறுவைக்கு முன் இது தெரியாவிட்டால் மேஜையிலேயே உயிர் போகும்.

இங்கே நம் நாட்டுக்கே உரிய ஒரு சிக்கல். பெண் கருவைக் கண்டுபிடித்து அழிக்க இதே கருவி பயன்பட்டதால் 1994-ல் சட்டம் வந்தது. ஒவ்வொரு ஸ்கேன் கருவிக்கும் பதிவு வேண்டும், நினைத்த இடத்துக்கெல்லாம் தூக்கிக்கொண்டு போக முடியாது. உசிலம்பட்டியையும் சேலத்தையும் பார்த்த மாநிலத்தில் அந்தச் சட்டம் தேவையில்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ஒரு மலையடிவார ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு பிள்ளையின் வயிற்றை உடனே பார்க்க முடியாமல் போவதும் அதே சட்டத்தின் விலையில் ஒரு பகுதி.

*

இனி வருவது நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்கே காரணமான பகுதி.

சி.டி. ஸ்கேன் என்றால் ஹவுன்ஸ்ஃபீல்ட். இ.எம்.ஐ. கம்பெனி இன்ஜினியர். 1971 அக்டோபரில் லண்டனில் முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்தார். கணக்கு வழியில் முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்த ஆலன் கார்மக்கோடு சேர்ந்து 1979-ல் நோபல் வாங்கினார். இது எல்லோருக்கும் தெரிந்த கதை.

அந்த 1971-லேயே அமெரிக்க அறிவியல் அகாடமியின் இதழில் ஒரு சிறு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் ஜி.என். ராமச்சந்திரன், ஏ.வி. லட்சுமிநாராயணன். ராமச்சந்திரன் 1952 முதல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர். கிண்டி வளாகத்தில் இருந்தபடி கொலாஜனின் மும்மடிச் சுருளைக் கண்டு சொன்னவர். புரதம் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் ‘ராமச்சந்திரன் வரைபடம்’ போட்டே ஆக வேண்டும். 1970 வாக்கில் பெங்களூரு போனார். அந்தக் கட்டுரை எழுதப்பட்டது மருத்துவத்துக்காக மட்டுமல்ல, மின்னணு நுண்ணோக்கிப் படங்களுக்காகவும்தான்.

பிரச்சினை இது. ஒரு பொருளைப் பல கோணங்களிலிருந்து எக்ஸ்ரே எடுக்கிறோம். ஒவ்வொரு கோணத்திலும் கிடைப்பது ஒரு நிழல். எல்லா நிழல்களையும் வைத்து உள்ளே இருப்பதை எப்படித் திரும்பக் கட்டுவது? எளிய வழி, ஒவ்வொரு நிழலையும் அது வந்த திசையிலேயே திருப்பி இழுத்துப் பூசுவது. எல்லாப் பூச்சும் குறுக்கிடும் இடத்தில் பொருள் தெரியும். ஆனால் ஒழுங்காகத் தெரியாது. ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் பனிமூட்டம் போல ஒரு கசிவு. இரண்டு சென்டிமீட்டர் கட்டிக்கும் பக்கத்துச் சதைக்கும் நடுவே இருக்கும் விளிம்பு அந்த மூட்டத்தில் கரைந்துவிடும். ஃபூரியர் மாற்றம் போட்டு இதைச் சரிசெய்யலாம், ஆனால் அன்றைய கம்ப்யூட்டருக்கு அது மலை. ஹவுன்ஸ்ஃபீல்டின் முதல் கருவியோ விடையை ஊகித்து, திருத்தி, மறுபடி ஊகிக்கும் சுற்றுவழியைப் பிடித்தது.

ராமச்சந்திரனும் லட்சுமிநாராயணனும் சொன்னது: பூசுவதற்கு முன்னாலேயே நிழலைத் திருத்திவிடு. ஒவ்வொரு அளவீட்டிலிருந்தும் அதன் அண்டை அளவீடுகளின் ஒரு பங்கை, தூரத்துக்கு ஏற்றபடி, கழித்துவிடு. அதற்கான எண் வரிசை இதோ. கூட்டல், கழித்தல், பெருக்கல் மட்டும்தான். கழித்துவிட்டுப் பூசினால், ஒரு நிழல் கசியவிடும் மூட்டத்தை இன்னொரு நிழலின் எதிர்மறை ஓரங்கள் அழித்துவிடும். கணக்கு சட்டென்று குறைந்தது, விளிம்பும் கூர்மையானது. வணிக சி.டி. கருவிகள் சில வருடங்களிலேயே இந்த வகை முறைக்கு மாறின, அடுத்த முப்பது வருடத்துக்கும் மேல் அதிலேயே ஓடின.

இன்ஜினியரிங் படித்தவர்கள் மேட்லாபில் ‘ஐரேடான்’ கட்டளையைப் போட்டுப் பார்த்திருப்பீர்கள். அதில் நாம் எதுவும் சொல்லாவிட்டால் தானாக எடுத்துக்கொள்ளும் வடிகட்டியின் பெயர் ‘ராம்-லாக்’. ராமச்சந்திரன், லட்சுமிநாராயணன்! செமஸ்டர் லேப் ரெக்கார்டில் அந்தப் பெயரை எழுதிய எங்களுக்கு அது ஏதோ வெள்ளைக்காரக் கம்பெனிப் பெயர் போலத்தான் கேட்டது.

இவருக்கு நோபல் கிடைத்திருக்க வேண்டும் என்று அழ நான் வரவில்லை. கருவி செய்தவர் ஹவுன்ஸ்ஃபீல்ட், கார்மக்கின் கட்டுரைகள் 1963, 64-லேயே வந்துவிட்டன. எனக்கு வியப்பு வேறு. சி.டி. படத்தில் வில்ம்ஸ் கட்டியைக் காட்டிக்கொடுக்கும் முக்கியமான அடையாளம் ஒரு விளிம்பு. மிச்சமிருக்கும் நல்ல சிறுநீரகச் சதை, கட்டியை இரண்டு பக்கமும் நண்டுக் கொடுக்கு போலக் கவ்விக்கொண்டிருக்கும். கொடுக்கு தெரிந்தால் கட்டி சிறுநீரகத்தில் முளைத்தது, தெரியாவிட்டால் வெளியே இருந்து அமுக்குகிறது. அந்தக் கொடுக்கின் நுனி சில மில்லிமீட்டர். அதை மூட்டத்திலிருந்து பிரித்தெடுக்கும் எண் வரிசையைக் கொடுத்த இருவரில் ஒருவர் கிண்டியில் பாடம் நடத்தியவர்.

*

இன்றைய நிலைக்கு வருவோம். படம் இவ்வளவு தெளிவானதும் ஒரு சண்டை தொடங்கியது, இன்னும் முடியவில்லை. அமெரிக்கக் குழு 1969 முதல் சொல்வது: முதலில் அறு, கட்டியை நுண்ணோக்கியில் பார், பிறகு மருந்து கொடு. ஐரோப்பியக் குழு 1971 முதல் சொல்வது: படம் வில்ம்ஸ் என்றால், வயதும் பொருந்தினால், சதையை எடுத்துப் பார்க்காமலே மருந்தைத் தொடங்கு. கட்டி சுருங்கட்டும், பிறகு அறு, கிழிந்து சிந்தும் ஆபத்து குறையும். இரண்டு வழியிலும் பிழைக்கும் விகிதம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் ஐரோப்பிய வழியில் நூற்றுக்கு ஒன்றிரண்டு குழந்தைகள், உண்மையில் புற்றே இல்லாத கட்டிக்குக் கீமோ வாங்கிவிடுகிறார்கள். படத்தை நம்பியதன் விலை அது. அதனால்தான் ஆறு மாதத்துக்குக் குறைந்த சிசுவுக்கு அந்த வழியிலும் நேராக அறுவைதான், அந்த வயதில் அவ்வளவு ஆபத்தில்லாத வேறொரு கட்டியாகவும் அது இருக்கலாம். நம் ஊரில் பல பிள்ளைகள் கட்டி வயிற்றை நிறைத்த பிறகே வந்து சேர்வதால், முதலில் மருந்து என்பது பல நேரம் கொள்கை இல்லை, வேறு வழியின்மை.

இதே மணிமுத்தாறுப் பிள்ளை இன்று என்றால் பாதை குட்டை. அம்பாசமுத்திரத்தில் ஸ்கேன், திருநெல்வேலி ஹைகிரவுண்டில் சி.டி. அரசு மருத்துவமனைகளில் மருத்துவப் பணிகள் கழகம் குறைந்த கட்டணத்தில் நடத்தும் சி.டி. மையங்களும் 2009-ல் தொடங்கிய காப்பீட்டுத் திட்டமும் தங்க நகையை அடகு வைக்காமல் அங்கே போக வைத்திருக்கின்றன. இருந்தும் ஆச்சி கூப்பிட்ட அன்றைக்கும் ஸ்கேன் எடுத்த அன்றைக்கும் நடுவில் எத்தனை நாள் என்பது இன்றும் வீட்டுக்குள்தான் முடிவாகிறது. ஒரு வாரம் நீவிவிட்டுப் பார்ப்போம் என்பதில் போகும் நாள்களை எந்த ஸ்கேனரும் திருப்பித் தராது.

சிகிச்சை முடிந்த பின் கதை வேறு. கட்டி திரும்ப வந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்துக்குள், பெரும்பாலும் நுரையீரலில். ஆகவே சில மாதங்களுக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேனும் நெஞ்சுப் படமும் எடுக்க வேண்டும். சி.டி. எடுத்தால் எக்ஸ்ரேயில் தெரியாத பொடிப் புள்ளிகளும் தெரியும், அவற்றில் பல புற்றே இல்லை. குழந்தை உடம்பில் சேரும் கதிர்வீச்சும் சும்மா போகாது. எனவே எல்லாவற்றுக்கும் சி.டி. எடுப்பதை மருத்துவர்கள் இப்போது குறைக்கிறார்கள். இந்தச் சோதனைகளுக்குச் சென்னை வரை போக வேண்டியதில்லை, திருநெல்வேலியிலேயே எடுக்கலாம். பழைய படங்கள் எல்லாவற்றையும் மஞ்சப்பையில் போட்டுக் கையோடு எடுத்துப் போக வேண்டும், அவ்வளவுதான். பழைய படம் பக்கத்தில் இல்லாவிட்டால், நுரையீரலில் தெரியும் அந்தச் சின்னப் புள்ளி நேற்று வந்ததா, முன்பே இருந்ததா என்று எந்த ரேடியாலஜிஸ்டாலும் சொல்ல முடியாது.